மலைக்குச் சாப்பாடு கொண்டுபோனவன்

ஆஸ்பத்திரிச் சமையலறையில் பெரியக்கா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. விடியும் முன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தால், மதியச் சாப்பாட்டு வண்டிகள் எல்லா வார்டுகளுக்கும் உருண்டுபோய்ச் சேரும்வரை அவள் கால் ஓர் இடத்தில் நிற்காது. சர்க்கரை நோயாளிக்குத் தனிப் பாத்திரம், உப்பு ஆகாதவருக்குத் தனிப் பாத்திரம், பல் போனவர்களுக்கு மசித்தது, பிரசவ வார்டுக்கு ஒரு கரண்டி கூடுதல். எல்லாக் கணக்கும் அவள் தலைக்குள்ளேயே இருந்தது. கூட வேலை பார்த்த பெண்கள் பெரியக்கா என்றார்கள். அதைக் கேட்டுக் கேட்டு டாக்டர்களும் பெரியக்கா என்றார்கள். போகப்போக அவளுடைய வீட்டுக்காரரே வெளியாட்கள் முன்னால், "எங்க வீட்டுப் பெரியக்காவைக் கேட்டுத்தான் சொல்லணும்" என்று ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே, ஒரு மருந்துக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்து நுழைகிற மாதிரி ஓர் அறை. இரண்டு நாற்காலி. அதில் ஒன்று சுற்றாது. "நாற்காலி சுத்தாட்டி என்னங்க, நான் சுத்தி வரேன்" என்பார். அவருக்குக் கத்தரியைவிட வாய் வேகம்.

இவர்களுக்கு ஒரே பையன். பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு நேராக அம்மாவின் அடுப்படிக்கு வந்துவிடுவான். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பால் அண்டாவில் ஏடு மட்டும் குறைந்திருக்கும். ஒருநாள் மேலுதட்டில் வெள்ளையாக மீசை ஒட்டிக்கொண்டிருக்க, "நான் ஏட்டைத் தொடவே இல்லம்மா" என்று சத்தியம் செய்தான். பாத்திரம் கழுவுகிறவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டுகள் சரிந்து விழுந்தன. அன்றைக்கு வைத்த பெயர்தான் பூனை. அது பள்ளிக்கூடத்துக்குப் பரவி, சலூனுக்கும் வந்து, பிற்பாடு பட்டாளம்வரை கூடவே போயிற்று.

படிப்பு அவனுக்கு ஏறவில்லை. மகனைத் தன் தொழிலிலேயே இறக்கிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. சுற்றாத நாற்காலியை அவனுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். முதல் தலை பக்கத்து மருந்துக்கடைக்காரருடையது. பூனை இடது பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டான். அதைச் சரிக்கட்ட வலது பக்கம் எடுத்தான். வலதைச் சரிக்கட்ட மறுபடியும் இடது. கடைசியில் மருந்துக்கடைக்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, முடிவெட்டிக்கத்தானே வந்தேன். தலையில ஆபரேஷன் ஆனவனாட்டம் ஆக்கிட்டியே! எதிர்லயே ஆஸ்பத்திரி இருக்கு, அப்படியே போய்ப் படுத்துக்கவா?" என்றார். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே பெரியக்கா மகனைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள்.

"தலை உன் கைக்கு வரல. உருளைக்கிழங்காவது வருதான்னு பார்ப்போம்" என்றாள்.

வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை. கஞ்சி அடிப்பிடிக்கப் போவதை மூக்கால் கண்டுபிடித்தான். ஒரே சூப்பை இருபது நோயாளிக்கு இருபது பக்குவத்தில் பிரிக்கக் கற்றான். பெரியக்கா யாரையும் லேசில் மெச்சமாட்டாள். மகன் வைத்ததை ஒரு கரண்டி வாயில் விட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலைக்குப் போனால், நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் மூன்றாவது வார்டிலிருந்து ஒரு நர்ஸ் பெண் கஞ்சிக் கிண்ணத்தோடு விறுவிறுவென்று இறங்கி வந்தாள். அந்த வார்டு கட்டடத்தின் கடைக்கோடி.

"இதை யாரு காய்ச்சினது?"

"நான்தான். ஏன், நல்லா இல்லையா?" என்றான் பூனை.

"நல்லாத்தான் இருக்கும் போல. யாரு கண்டா? ஐஸ் மாதிரி ஆறிப்போயில்ல வருது. ஒரு தாத்தா வாயை இறுக்கி மூடிக்கிட்டுப் படுத்திருக்காரு. நீங்களே வந்து குடிக்க வைங்க பார்ப்போம்."

பூனை கஞ்சியைச் சூடாக்கி, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, படியேறி ஓடினான். தாத்தா குடித்தார். மறுநாளும் ஓடினான். அதற்கு மறுநாளும். மூன்றாவது வார்டுக்கு மட்டும் சாப்பாடு ஆவி பறக்கப் போவதைச் சமையலறைப் பெண்கள் ஜாடைமாடையாகப் பேசிக்கொண்டார்கள். பெரியக்கா கண்டும் காணாமல் இருந்தாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"ஏண்டா, அந்தத் தாத்தா குணமாகி வீட்டுக்குப் போயி ஒரு மாசம் ஆச்சு. இன்னும் யாருக்குடா கஞ்சி தூக்கிட்டு ஓடற?"

அடுப்பைவிட அவன் முகம் சிவந்துபோயிற்று. அந்த நர்ஸ் பெண்தான் பெரியக்காவுக்கு மருமகளாக வந்தாள்.

மருமகள் வயிற்றில் குழந்தை தங்கிய சமயத்தில் எல்லையில் சண்டை மூண்டது. ஊர்ப் பிள்ளைகள் பட்டாளத்தில் சேர வரிசையில் நின்றார்கள். பூனையை யாரும் கூப்பிடவில்லை, யாரும் தூண்டிவிடவும் இல்லை. கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னான்.

"அம்மா, நான் பேர் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"பட்டாளத்துக்கு."

பெரியக்கா கையிலிருந்த கிழங்கை முழுசாக உரித்து முடித்தாள். பிறகு கேட்டாள். "அவகிட்டச் சொல்லிட்டியா? என்ன சொன்னா?"

"போகாதன்னா. அப்புறம் அழுதா. அப்புறம் என் பையை அவளே எடுத்து வச்சா."

"சரி" என்றாள் பெரியக்கா. அன்று முழுக்க அவனை ஒரு வேலையும் செய்ய விடவில்லை.

அப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. மகனைச் சுற்றுகிற நாற்காலியில் உட்காரவைத்துத் தன் கையாலேயே பட்டாள வெட்டு வெட்டிவிட்டார். வருகிற போகிறவர்களிடமெல்லாம், "பையன் எல்லைக்குப் போறான்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்.

பயிற்சி முகாமில் எல்லாருக்கும் போலவே அவனுக்கும் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முடிந்ததும், "உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார்கள். "சமைப்பேன்" என்றான். கேட்டவருக்குக் கிடைக்காதது கிடைத்த மாதிரி ஆயிற்று. நேராக அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள்.

செய்தி வீட்டுக்கு வந்தபோது சலூன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "பட்டாளத்துக்குப் போயுமா கரண்டி?" என்றார். சலூனில் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "என்ன, பையன் எத்தனை பேரைச் சாய்ச்சான்?" என்று கேட்டார்கள். "அதெல்லாம் பட்டாள ரகசியம். வெளில மூச்சுவிடக் கூடாது" என்று அவர் மழுப்பினார். மழுப்பலுக்குக் கை கால் முளைத்தது. கொஞ்ச நாளில் பூனை ஒரு பீரங்கிக்கே பொறுப்பாளி என்று தெருவில் பேச்சாகிவிட்டது.

அந்தப் பேச்சு ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியக்காவின் காதில் விழுந்தது. ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் தெருவைக் கடந்து சலூனுக்குள் நுழைந்தாள். உள்ளே ஒருவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு அண்ணாந்து கிடந்தார்.

"என்னங்க, எம்புள்ள பீரங்கி சுடுறானாமே?"

"அது வந்து... ஆளுங்களா ஏதோ பேசிக்கறாங்க."

"அவன் அண்டாவுக்குப் பொறுப்பு. பீரங்கி ஒரு நாள் சும்மா நின்னா ஒன்னும் ஆகாது. அண்டா ஒரு நாள் சும்மா நிக்கட்டும், உங்க பட்டாளம் நிக்குதான்னு பார்ப்போம்!"

"சத்தம் போடாத, கையில கத்தி இருக்கு."

நுரைக்குள்ளிருந்து ஒரு கண் திறந்தது. "அக்கா, நீங்க சொல்றதுதான் நியாயம். ஆனா என் கழுத்து இப்ப இவர் கையில இருக்கு. சவரம் முடிஞ்சப்புறம் சண்டை போடுங்களேன்" என்றார் அந்த மனிதர்.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அதைப் பார்க்கப் பூனைக்கு ஒரே ஒரு தடவை லீவு கிடைத்தது. வெயிலிலும் புகையிலும் கறுத்து, முழங்கை வரை சூடுபட்ட தழும்புகளோடு வந்தான். மகளைத் தூக்கும்போது சூடான பாத்திரத்தை இறக்குகிற மாதிரி இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டான். "உம் பொண்ணு சுட்டுடமாட்டா, தைரியமாத் தூக்கு" என்று மருமகள் சிரித்தாள்.

அப்பா மட்டும் அன்று மாலை மெதுவாகக் கேட்டார். "நீயாக் கேட்டா துப்பாக்கி வேலை குடுக்கமாட்டாங்களாடா?"

"துப்பாக்கி குடுத்துத்தான் இருக்காங்கப்பா. அடுப்புக்குப் பக்கத்துலயே மாட்டி வச்சிருக்கேன்." பூனை மகளை மடிக்கு மாற்றிக்கொண்டான். பிறகு சொன்னான். "மழையில ஊறி, ரெண்டு நாள் கண்ணை மூடாம கெடந்துட்டு வர்றாங்கப்பா. வந்ததும் மொதல்ல என்ன கேக்குறாங்க தெரியுமா? சண்டை எப்படிப் போகுதுன்னு இல்ல. 'பூனை, இன்னைக்கு என்ன?'ன்னுதான். நான் பதில் சொன்னவுடனே மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும் பாருங்க... அதுக்காகவே நான் அங்க இருக்கலாம்."

அப்பாவுக்கு அது பாதி புரிந்தது. பெரியக்காவுக்கு முழுக்கப் புரிந்தது. அவள் கேட்டதெல்லாம் வேறு. விறகு ஈரமாக இருந்தால் என்ன செய்கிறாய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பருப்பு வேக மலைக்காற்றில் எவ்வளவு நேரமாகிறது. அம்மாவும் மகனும் லீவு முழுக்க இதையே பேசினார்கள்.

லீவு முடிந்து அவன் போன பிறகு குளிர் வந்தது. சண்டை முற்றியது.

மதியச் சாப்பாடு வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்த நேரம், சமையலறை வாசலில் சீருடையோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே பாத்திரம் கழுவுகிறவள் குழாயை மூடினாள். அவர்களில் மூத்தவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பெரியக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். பக்கத்திலிருந்த கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அப்புறம், "சொல்லுங்க" என்றாள்.

அன்று மூன்றாவது வார்டுக்குப் போன சூப்பில் உப்பே இல்லை. இரண்டாவது வார்டில் இரண்டு மடங்கு இருந்தது. ஒரு நோயாளிகூடக் குறை சொல்லவில்லை.

கொடி போர்த்திய பெட்டியில் பூனை வந்தான். ஊர் திரண்டு நின்றது. துப்பாக்கிகள் வானத்தை நோக்கி வெடித்தபோது குழந்தை வீறிட்டு அழுதது. மருமகள் அதன் காதைப் பொத்திக்கொண்டு விறைப்பாக நின்றாள். சலூன் பல நாள் திறக்கவில்லை. வந்தவர்கள் வீரமரணம் என்றார்கள். பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் கடமையின்போது என்றார்கள். பெரியக்கா எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அப்போ அவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

யாருக்கும் தெரியவில்லை. ஏதோ மலைச்சரிவு, ஏதோ குண்டு என்றார்கள். அவளுக்கு அது போதவில்லை. பெற்ற பிள்ளை கடைசியாக என்ன வேலையில் இருந்தான் என்று தெரியாமல் ஒரு தாய் எப்படி இருப்பாள்? அதை நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டது. ஆனால் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. மருமகளும் குழந்தையை மாமனாரிடம் விட்டுவிட்டு வார்டுக்குத் திரும்பினாள். சலூன்காரர் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, திறக்காத கடைக்குள் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வாய் ஓயாத மனிதர் பேசாமல் இருந்ததுதான் தெருவுக்கே தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில் எல்லைப்புற ஆஸ்பத்திரிகளில் இடமில்லாமல், காயப்பட்ட சிப்பாய்களை ரயிலேற்றி இங்கே அனுப்பினார்கள். மூன்றாவது வார்டை அவர்களுக்காகக் காலிசெய்தார்கள். அதில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவன் ஒருவன். நல்ல உயரம், பரந்த தோள். வந்ததிலிருந்து சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மருமகள் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள். ஒரு மதியம் அவளுக்காகப் போனால் போகிறதென்று ஒரு கரண்டி சூப்பை வாயில் விட்டான். விட்டவன் கை அப்படியே நின்றுபோயிற்று.

"சிஸ்டர், இது யாரு வச்ச சூப்பு?"

"ஏன், என்ன ஆச்சு?"

"எங்க பூனை வைக்கிற மாதிரியே இருக்கு."

வார்டுக்குள் நர்ஸ்கள் ஓடக் கூடாது. அவள் ஓடினாள். வராந்தா முழுக்க ஓடி, படியிறங்கி, சமையலறை வாசலில் வந்து மூச்சு வாங்க நின்றாள். "அத்தை, அடுப்பை யாரையாவது பார்த்துக்கச் சொல்லிட்டு மேல வாங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பெரியக்கா ஏன் என்று கேட்கவில்லை.

"இவங்கதான் சூப்பு வச்சவங்க. அவரோட அம்மா" என்று கட்டிலருகே மருமகள் சொன்னாள். "நான் அவரோட சம்சாரம்."

அந்த மனிதன் பதறி எழப்போனான். இல்லாத காலை ஊன்றப் பார்த்துத் தடுமாறினான். பெரியக்கா அவன் தோளைப் பிடித்துச் சாய்த்துவிட்டாள். "இருப்பா. ஆற அமரச் சொல்லு. எம்புள்ள அன்னைக்கு என்ன பண்ணிக்கிட்டிருந்தான்?"

அவன் சொன்னான்.

மலையுச்சியில் ஒரு காவல்சாவடி. அதில் இவனையும் சேர்த்துக் கொஞ்சம் பேர். மேலே போக ஒரே ஒரு பாதை. எதிரி உட்கார்ந்திருந்த குன்றிலிருந்து பார்த்தால் அது உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். பகலில் ஒரு ஈ பறந்தால்கூடச் சுடுவார்கள். அதனால் காய்ந்த ரொட்டியை மூட்டை கட்டி எப்போதாவது அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குளிரில் அது கல்லாகிவிடும். ஆட்களுக்கு ஜுரம் வந்தது, சோர்வு வந்தது. அடிவாரத்தில் இருந்த கேப்டன், உயிர் பிழைக்க ரொட்டி போதும் என்றார். பூனை, போதாது என்றான். விடிகாலையில் அந்தச் சரிவில் பனிமூட்டம் திரை போட்ட மாதிரி இறங்கும். வெயில் ஏறும்வரை எதிரே நிற்கிற ஆள் தெரியாது. அந்த நேரத்துக்குள் நான் போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று கேட்டு, கேட்டு, கேப்டனை நச்சரித்துச் சம்மதிக்க வைத்துவிட்டான்.

"முதுகுல பெரிய தகரப் பாத்திரம்மா. கம்பளியைச் சுத்தி, மூடி ஆடாம துணி வச்சு இறுக்கிக் கட்டியிருப்பான். நாங்க பதுங்குகுழிக்குள்ள கெடப்போம். காலடிச் சத்தமே கேக்காது. மொதல்ல வாசனை வரும். அப்புறம்தான் ஆள் வருவான். அந்தக் குளிர்ல கொதிக்கக் கொதிக்க சூப்பு! பெரிய பெரிய ஆம்பளைங்க அழுதிருக்காங்கம்மா, நான் பார்த்திருக்கேன்."

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, குளிர்காலம் பாதிக்குமேல் இப்படிப் போய்வந்திருக்கிறான். கடைசியாக ஒரு சாயங்காலம் சாவடிமேல் குண்டு விழுந்தது. இரண்டு பேரால் நடக்க முடியவில்லை; இவனுக்குக் காலில் காயம், இன்னொருவனுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. மறுநாள் காலை வழக்கம்போல் பூனை வந்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தான். காலிப் பாத்திரத்தை இறக்கி வைத்தான். பாத்திரத்தைக் கட்டியிருந்த அதே தோல்வாரில் இவனை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தான்.

"நான் அவனைவிட ஒரு மடங்கு கனம். வலியில நான் மயங்கிடக் கூடாதுன்னு வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தான். மகளுக்குப் பல்லு மொளைக்குதாம், அப்பாவுக்கு முடிவெட்டத் தெரியுமாம், தனக்குத் தெரியாதாம். மருந்துக்கடைக்காரர் கதையைச் சொன்னான். அந்த வலியிலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சும்மா."

கீழே லாரியில் இவனை ஏற்றிவிட்டுப் பூனை மறுபடியும் மேலே திரும்பினான். வெயில் ஏறப் போகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று எல்லாரும் தடுத்தார்கள். "அவன் நாளைக்கு வரைக்கும் தாங்கமாட்டான்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு ஏறினான். மேலே போய்ச் சேர்ந்தான். இரண்டாவது ஆளையும் கட்டிக்கொண்டு முக்கால்வாசி இறங்கியும்விட்டான். கீழே காத்து நின்ற லாரியிலிருந்து இவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கடைசித் திருப்பத்தில் பனி விலகிவிட்டது.

"மொத குண்டு பட்டதுமே வாரை அவுத்து, முதுகுல இருந்தவனைப் பாறைக்குப் பின்னாடி உருட்டிவிட்டுட்டான். அதுக்கப்புறம்தான் விழுந்தான்."

பெரியக்கா அவன் போர்வையை இழுத்து மூடிவிட்டாள். பிறகு கேட்டாள். "அந்தப் பையன்?"

கால் இழந்தவன் கையை நீட்டிக் காட்டினான். "அதோ, கடைசிக் கட்டில்."

கடைசிக் கட்டிலில், தாடை முழுக்கக் கட்டுப்போட்ட ஒருவன் தலையணையில் சாய்ந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. வாய் பேச முடியாது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து கட்டுத்துணி நனைந்துகொண்டிருந்தது. பெரியக்கா போய் அவன் பக்கத்தில் நின்றாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

"நீ இன்னைக்கு ஏதாவது சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டாள்.

அவன் இல்லை என்று தலையசைத்தான். அன்றிலிருந்து அவன் தாடை கூடும்வரை குழாயில் இறங்குகிற பக்குவத்தில் வடிகட்டிய சூப்பை அவளே தன் கையால் வைத்துக் கொண்டுபோனாள். அழுதது வீட்டுக்குப் போன பிறகுதான். அவளும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆனால் அந்த அழுகையில் முன்பு இருந்த கேள்வி இல்லை.

மறுநாள் காலை சலூன் திறந்தது.

முதல் ஆளாக வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முகத்துக்கு நுரை போட்டு, ஒரு கன்னத்தை வழித்து முடித்த நேரம், வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டார். "உங்க பையன் விழறதுக்கு முன்னாடி எதிரிங்களை ஒரு கை பார்த்திருப்பான், இல்லையா?"

சலூன்காரர் கத்தியைத் துடைத்து மேசைமேல் வைத்தார். "எம்பையன் யாரையும் சுடல. உங்ககிட்ட நான் பீரங்கி கீரங்கின்னு விட்டதெல்லாம் பொய். அவன் சமையல்காரன். பட்டாளத்துச் சமையல்காரன். என்ன பண்ணினான்னு சொல்றேன், கேளுங்க" என்று தொடங்கினார். தெருவில் போனவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் தன் முடிவெட்டுக் கதை மலைமேல்வரை போனதைக் கேட்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து பொரிந்து போகிறவரை அசையாமல் கேட்டார். முடிந்ததும், "மறுபடியும் முதல்லருந்து சொல்லுங்க" என்றார்.

கொஞ்ச காலத்தில் நகராட்சிக்காரர்கள் ஆஸ்பத்திரி முனையில் இருந்த பெரிய சுவரில் பூனையின் படத்தை வரையத் தீர்மானித்தார்கள். ஓவியர் வந்தார், சாரம் கட்டினார். ஒரு வாரமாகத் திரைக்குப் பின்னால் வேலை நடந்தது. பெரியக்கா வேலைக்குப் போகிற வழியில் திரையைத் தூக்கிப் பார்த்தாள். முகம் அச்சு அசல் அவன்தான். கையில் மட்டும் நீளமாக ஒரு துப்பாக்கி முளைத்திருந்தது.

"தம்பி, கீழ இறங்கி வா" என்றாள்.

ஓவியர் இறங்கி வந்தார். "என்னக்கா, முகம் சரியில்லையா?"

"முகத்துக்கு ஒன்னும் இல்ல. இது என்ன கையில?"

"பட்டாளக்காரர்னா துப்பாக்கி இருக்கணுமே! இல்லாட்டி யாருன்னு தெரியாதேக்கா."

"அவன் துப்பாக்கியைக் கேவலமா நினைச்சவன் இல்ல. ஆனா அன்னைக்கு அவன் முதுகுல இருந்தது பாத்திரம். அதைப் போடு."

நகராட்சி உறுப்பினருக்கு ஆள் போயிற்று. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துவிட்டார். "பெரியக்கா, பாத்திரத்தோட வரைஞ்சா பார்க்கிறவங்க சிரிப்பாங்களே. உங்க பையனுக்குத்தானே மரியாதைக் குறைச்சல்?" என்றார். அதற்குள் மூன்றாவது வார்டுக்கு விஷயம் எட்டிவிட்டது. ஊன்றுகோல், கட்டு, சக்கர நாற்காலி என்று நகர முடிந்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரி உடுப்போடு தெருவைக் கடந்து வந்தார்கள். முன்னால் கால் இழந்தவன், பக்கத்தில் தாடைக்கட்டுக்காரன். பஸ்கள் நின்றன. அவர்கள் எதுவும் கோஷம் போடவில்லை. சுவரோரம் வந்து பெரியக்காவுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். அவ்வளவுதான். உறுப்பினர் அவர்களைப் பார்த்தார், ஓவியரைப் பார்த்தார். "பாத்திரத்தையே போடுப்பா" என்றார்.

"அது எப்படி இருக்கும்னு நான் பார்த்ததில்லையே" என்று ஓவியர் தலையைச் சொறிந்தார்.

அப்போதுதான் சலூன்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சமையலறையிலிருந்து பெரிய தகரப் பாத்திரம் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். கம்பளியைச் சுற்றி, வாரை இறுக்கி, கால் இழந்தவன் சொல்லச் சொல்ல அதே மாதிரி முதுகில் கட்டிக்கொண்டு சுவருக்கு எதிரே போய் நின்றார். ஓவியர் சாரத்தில் ஏறித் தூரிகையை எடுத்ததும், "இருங்க, இருங்க" என்று கத்தினார்.

"இது சரியில்ல. காலிப் பாத்திரம் தூக்குறவன் இப்படித்தான் நிமிர்ந்து நிப்பான். இதுல தண்ணி ஊத்துங்க. விளிம்பு வரைக்கும் ஊத்துங்க. முதுகு வளையணும்."

"மாமா, உங்களுக்கு இடுப்பு வலி" என்றாள் மருமகள்.

"ஊத்தும்மா."

ஊற்றினார்கள். அவர் முதுகு வளைந்தது. கால்கள் அகன்று ஊன்றின. அப்படியே ஒரு மதியம் முழுக்க நடுத்தெருவில் நின்றார். வாடிக்கையாளர்கள் சலூன் வாசலில் காத்துக் கிடந்தார்கள். கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு ஓய்வெடுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை. பெரியக்கா ஒரு டம்ளரில் டீயைக் கொண்டுவந்து அவர் வாயருகே பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து தெருவில் வைத்து அவருக்கு எதையும் ஊட்டியவள் இல்லை அவள். "நல்லா நிக்கிறீங்க" என்றாள்.

படம் திறந்த அன்று யாரும் சிரிக்கவில்லை. இப்போது அந்த இடத்தில் பஸ் நிற்கும்போது கண்டக்டர், "பூனை முனை, இறங்கு!" என்று கத்துகிறார். நகராட்சி வைத்த நீளமான பெயர்ப்பலகை ஒன்று அங்கேயே இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

சண்டை முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மருமகள் மூன்றாவது வார்டுக்குத் தலைமை நர்ஸ். அந்தச் சாவடியில் இருந்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை எங்கெங்கிருந்தோ கிளம்பி இந்த வீட்டுக்கு வருகிறார்கள். முதலில் சலூனில் வரிசையாக உட்கார்ந்து முடிவெட்டிக்கொள்கிறார்கள். பிறகு வீட்டுக்கு வந்து பெரியக்கா வைத்ததை வயிறு முட்டச் சாப்பிடுகிறார்கள். தாடை கூடியதிலிருந்து கடைசிக் கட்டில்காரன் வாயை மூடுவதே இல்லை. சலூன்காரருக்கு ஏற்ற ஜோடி என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். பூனையின் மகள் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்து, "அப்பாவைப் பத்தி இன்னொன்னு சொல்லுங்க மாமா" என்பாள்.

போன தடவை அவன் கொஞ்சம் அளந்துவிட்டான். ஒரு கையில் அண்டாவையும் மறுகையில் ரொட்டி மூட்டையையும் தூக்கிக்கொண்டு, பனியில் இடுப்பளவு புதைந்து, பூனை பறந்து வந்ததாகக் கதை வளர்ந்தது. சிறுமியின் கண்கள் விரிந்துகொண்டே போயின. கால் இழந்தவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

அடுப்பருகிலிருந்து பெரியக்காவின் குரல் வந்தது. "அந்த அண்டாவை ஒத்தைக் கையில தூக்கவே முடியாதுப்பா. உள்ளதைச் சொல்லு. உள்ளதே நிறைய இருக்கு."

அவன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி பாப்பா, நடந்ததைச் சொல்றேன்" என்று மறுபடியும் தொடங்கினான். ஒருநாள் காலையில் மேலே வந்து சேர்ந்தபோது பூனையின் மீசையெல்லாம் உறைந்து வெள்ளையாகிப் போயிருந்ததாம். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு வாய்கூட மிச்சமில்லாமல், பாத்திரத்தை விரலால் வழித்து நக்கிவிட்டு, "நல்லாத்தான் வச்சிருக்கேன்" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டானாம்.

அதைக் கேட்டு சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அம்மாவும் சிரித்தாள்.